தனியா எழுதப் போறவங்களை வழியனுப்பி வைப்போம்

 

கொஞ்சம் நீளமான பதிவு இது. வேலை முடிஞ்சு, சாப்பிட்டு, நிதானமா படிங்க.

நம்ம கோவில் மலரைப் பற்றி ரெண்டு வாரமா புலனக் குழுவுல ஓடுற பேச்சு உங்கள்ல பலருக்கும் தெரிஞ்சிருக்கும். மலரை எழுதுற ஆறு பேர்ல ஒரு தங்கச்சி, இனிமே தன் பெயரில் தனியாக எழுதப் போறதா சொல்லியிருக்காங்க. ஜொகூர் தோட்டங்கள்ல இருந்த சின்னச் சின்னக் கோவில்களைப் பற்றி வரிசையா எழுதி, சிறு புத்தகங்களா கொண்டு வரணும்னு அவங்களுக்கு ஆசை. அவ்வளவுதான் விஷயம். அதுக்குள்ள "வளர்த்து விட்ட கோவிலை மறந்துட்டாங்க", "குழுவை உடைக்கிறாங்க", "பேர் வாங்கணும்னு ஆசை வந்துடுச்சு" என்றெல்லாம் பேச்சு. மலர் வேலை பார்க்கும் மற்ற ஐந்து பேராகிய நாங்கள் எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம்: அவங்க போகட்டும். நல்லபடியா போகட்டும்.

மலரில் யாருடைய பெயரும் வராது. எல்லாக் கட்டுரையும் தொண்டர் குழு என்றுதான் வரும். அதில் ஒரு அழகு இருக்கு, அதை நாங்க விடப் போறதில்லை. ஒருத்தர் எழுதுவார், இன்னொருத்தர் தேதியைச் சரிபார்ப்பார், ஐயா ஒருவர் சந்திப் பிழை பார்ப்பார். கடைசியில் யார் எழுதியதுன்னே தெரியாது. ஆனா அப்படி எழுதும்போது ஒரு கட்டுப்பாடும் கூடவே வருது. கோவில் பெயரில் வெளியாவதால் யாருடைய மனசும் சங்கடப்படக் கூடாது. கும்பாபிஷேகம், உபயக்காரர் பட்டியல், திருவிழா நிகழ்ச்சி நிரல், ஒரு தேவாரப் பாடலுக்கு விளக்கம், இதுக்கெல்லாம் அந்தக் கட்டுப்பாடு சரியா பொருந்தும்.

தோட்டக் கோவில் கதைக்கு அது பொருந்தாது. தோட்டம் கைமாறி தாமான் ஆனபோது சாமியை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள், பேச்சுவார்த்தையில் யார் உட்கார்ந்தார்கள், யாரைக் கேட்காமலே கையெழுத்து போட்டார்கள், சூலமும் கல்லும் எந்த வீட்டுப் பின்னால் கிடந்தன, இதெல்லாம் எழுதினால் ஒரு குடும்பத்துக்காவது வலிக்கும். மலரில் இதைப் போட முடியாது. போடக் கூடாது என்றுதான் நாங்களும் சொல்வோம். ஆனா யாராவது எழுதித்தானே ஆகணும்? 2006ல இஸ்கண்டார் மேம்பாட்டுத் திட்டம் வந்த பிறகு இந்தப் பக்கம் நிலம் எவ்வளவு வேகமா மாறியிருக்குன்னு நமக்குத் தெரியும். பால்மரம் சீவின கையோட மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தினவங்க இப்ப எண்பதைத் தாண்டிட்டாங்க. அவங்க கண்ணை மூடிட்டா கேட்க ஆளில்லை. தலைவர் ஒப்புதலுக்கும் மூணு கூட்டத்துக்கும் காத்திருந்தா அந்த வேலை நடக்காது.

இனி, "குழுவை விட்டுப் போறது துரோகம்" என்கிற பேச்சுக்கு வருவோம். தமிழ்ப் பத்திரிகை வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினா இந்த வார்த்தையை அவ்வளவு சுலபமா யாரும் சொல்ல மாட்டாங்க.

'பொன்னியின் செல்வன்' 2022ல படமா வந்தப்போ ஜொகூர் பாருல குடும்பம் குடும்பமா போய்ப் பார்த்தோமே, அதை எழுதிய கல்கியையே எடுத்துக்குவோம். ரா. கிருஷ்ணமூர்த்தி 1923ல் திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தவர். அந்தத் திரு.வி.க.வே 'தேசபக்தன்' நாளிதழை விட்டு வந்து 1920ல் 'நவசக்தி'யைத் தொடங்கியவர்தான். கிருஷ்ணமூர்த்தி அங்கிருந்து விலகி, திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகையில் வேலை பார்த்தார். பிறகு எஸ்.எஸ். வாசனின் 'ஆனந்த விகட'னுக்குப் போனார். 1930கள் முழுக்க விகடன் என்றால் கல்கி, கல்கி என்றால் விகடன். 'தியாகபூமி' தொடராக வந்து 1939ல் படமாகவும் வந்தது அங்கே இருந்தபோதுதான். நல்ல சம்பளம், பெரிய வாசகர் கூட்டம், என்ன குறை?

ஆனா 1941ல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு சிறைக்குப் போனார். விகடன் வேலை போனது. வெளியே வந்ததும், அதே 1941 ஆகஸ்ட்டில், நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து தன் புனைபெயரையே தலைப்பாக வைத்து 'கல்கி' வார இதழைத் தொடங்கினார். கையில் பணம் இல்லை. சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக ஆண் வேடம் போட்டு நடித்து, அந்த வருமானத்தைப் பத்திரிகைக்குக் கொடுத்தார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். (நம்ம ஜொகூருக்கு ஜப்பான்காரன் வந்து சேர அப்போ இன்னும் ஆறு மாசம் கூட இல்லை.) அப்படிப்பட்ட காலத்தில் புதுப் பத்திரிகை தொடங்குவது பைத்தியக்காரத்தனம் என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள்.

'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', 'பொன்னியின் செல்வன்' மூன்றும் அந்தப் புதுப் பத்திரிகையில் வந்தவை. விகடனிலேயே இருந்திருந்தால் இவற்றை எழுதியே இருக்க மாட்டார் என்று சொல்ல மாட்டோம். ஆனா தனக்கென்று இடம் இருந்ததால்தான் ஒரு கதையை 1950லிருந்து 1954 வரை அவசரமில்லாமல் எழுதிக்கொண்டே போக முடிந்தது என்பது எங்கள் எண்ணம்.

இன்னொன்றும் கவனிங்க. கல்கி போனதால் விகடன் படுத்துவிடவில்லை. தேவன் நிர்வாக ஆசிரியராக வந்தார், துப்பறியும் சாம்புவை நமக்குக் கொடுத்தவர் அவர். ஒரு வீட்டில் இரண்டு பத்திரிகையும் வாங்கிப் படித்த தலைமுறை அது. ஆகவே மலர் என்ன ஆகுமோன்னு கவலைப்படுறவங்க கொஞ்சம் அமைதியா இருங்க.

தனியா போனா எல்லாருக்கும் இப்படி அமையாது, அதையும் தங்கச்சிகிட்ட சொல்லியாச்சு. சி.சு. செல்லப்பா 1959ல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி 1970 வரை தன் கைப்பணத்தைப் போட்டு நடத்தினார். புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகக் கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். தமிழில் புதுக்கவிதை வேரூன்ற அந்தப் பத்திரிகை பெரிய காரணம். ஆனா அவர் கையில் காசு தங்கவில்லை. அச்சகக்காரர் கிட்ட "அடுத்த மாசம் தரேன்"னு சொல்ற நிலைமை வரும். மலருக்கு உபயக்காரர் இருக்காங்க, தனி எழுத்துக்கு யார் உபயம்? நாங்க நிஜமாகவே கவலைப்படுறது இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

நம்ம நாட்டிலும் தனியா எழுதினவங்க முதல்ல கூட்டத்துல எழுதிப் பழகினவங்கதான். 1950 வாக்கில் 'தமிழ் நேசன்' நடத்திய கதை வகுப்பும், 'தமிழ் முரசு' நடத்திய மாணவர் மணிமன்றமும் மலாயாவில் எழுத்தாளர்களை உருவாக்கின. வகுப்பில் சேர்ந்தவர் காலம் பூராவும் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கணும்னு யாரும் எதிர்பார்க்கவில்லை. எழுதப் பழகினாங்க, அப்புறம் அவங்கவங்க வழியில போனாங்க. 'தமிழ் நேசன்' 2019ல் மூடப்பட்டது. பெரிய பத்திரிகைக்கே அந்த நிலைமை என்றால், எழுதுற கை ஒரே இடத்தில் முடங்கிக் கிடப்பது நமக்கு நல்லதா?

கோவிலுக்கு வர்றவங்களுக்கு அப்பர் சுவாமிகளும் சம்பந்தரும் பிரிந்த கதை தெரியும். திருமறைக்காட்டில் இருவரும் சேர்ந்து பாடிக் கதவைத் திறக்கவும் அடைக்கவும் வைத்தார்கள். மதுரையிலிருந்து மங்கையர்க்கரசியார் அழைப்பு வந்ததும் சம்பந்தர் கிளம்பினார். நாளும் கோளும் சரியில்லை என்று அப்பர் தயங்கினார், தடுத்தார். சம்பந்தர் கோளறு பதிகம் பாடிவிட்டுப் புறப்பட்டார். அப்பர் சோழ நாட்டிலேயே தங்கினார். சேர்ந்து பாடியவர் தனியே போனதை அப்பர் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. மதுரையிலிருந்து திரும்பி வந்த சம்பந்தரைத் திருப்பூந்துருத்தியில் எதிர்கொண்டபோது, வயதில் மூத்த அப்பர் கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்து அந்தப் பல்லக்கையே தோளில் சுமந்தார் என்கிறது பெரியபுராணம். குழுவில் கோபமாகப் பேசிய பெரியவர்கள் இதை ஒரு தடவை நினைச்சுப் பார்க்கணும்.

நம்ம திருவிழாவையே பாருங்க. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு உபயம். பொது உபயத்தில் சேர்ந்து கொடுத்துக்கிட்டிருந்த குடும்பம் ஒரு வருஷம் "இனிமே ஐந்தாம் நாள் எங்க குடும்பமே செய்யுது"ன்னு வந்தா, மாலை போட்டு வரவேற்கிறோம். எழுத்துக்கு மட்டும் ஏன் வேற கணக்கு?

இப்போ நடைமுறை விஷயம். தங்கச்சி பதிவு செய்த பெரியவர்களின் பேச்சு, பழைய படங்கள் எல்லாம் யாருக்குச் சொந்தம்னு ஒருத்தர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. படங்கள் அந்தந்தக் குடும்பத்துக்குச் சொந்தம். மலருக்காகக் கொடுத்த படத்தைப் புத்தகத்தில் போடணும்னா மறுபடியும் அந்த வீட்டில் போய்க் கேட்கணும். அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. குரல் பதிவுகளுக்கு ஒரு பிரதி கோவிலில், ஒரு பிரதி அவங்களிடம். மலரில் ஏற்கெனவே வந்த கட்டுரைகள் மலருடையவை. அதே செய்தியை வேற சொற்களில், கூடுதலா விசாரிச்சு எழுத அவங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. கோவில் பெயரையோ முத்திரையையோ புத்தகத்தில் பயன்படுத்தக் கூடாது. அதில் வரும் கருத்துக்கு அவங்களே பொறுப்பு. இதைத்தான் நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்திருக்கோம்.

திரும்பி வரணும்னு தோணினா கதவு திறந்திருக்கும். பாரதியார் 1904ல் 'சுதேசமித்திர'னில் சேர்ந்து, பிறகு 'இந்தியா' பத்திரிகைக்குப் போய், புதுச்சேரியில் பல வருஷம் இருந்துவிட்டு, 1920ல் மறுபடியும் அதே 'சுதேசமித்திர'னுக்குத்தான் வந்தார். அவங்க வாசலில் நிறுத்தி விசாரணை வைக்கலை.

அடுத்த மலர் நவராத்திரிக்கு வரும். ஒரு இடம் காலியா இருக்கு. எழுத விருப்பமுள்ளவங்க, முக்கியமா இளைஞர்கள், வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு அன்னதான மண்டபத்துப் பக்கம் எங்களை வந்து பாருங்க. தமிழ்ப் பள்ளியில் படிக்காதவங்களும் வரலாம், பிழை திருத்த ஐயா இருக்கார். உங்க தாத்தா பாட்டி இருந்த தோட்டத்துக் கோவில் படம் வீட்டில் இருந்தா, அதைத் தங்கச்சிக்குக் கொடுங்க, எங்களுக்கு வேண்டாம்.