ரூ-வுக்குப் பின்னால் ஒரு எண்

2025 மார்ச்சில் தமிழ்நாட்டில் ஓர் எழுத்து படாத பாடு பட்டது. அந்த மாதம் 14 அன்று தாக்கலாக இருந்த மாநில பட்ஜெட்டுக்கு ஒரு இலச்சினை வெளியிட்டார்கள். அதில் வழக்கமான ரூபாய்க் குறி இல்லை, ‘ரூ’ இருந்தது. அவ்வளவுதான், டெல்லியிலிருந்து நிதியமைச்சரே கண்டனம் எழுதினார். அந்த ரூபாய்க் குறியை வடிவமைத்தவர் திமுக முன்னாள் எம்எல்ஏ ஒருவரின் மகன் என்பதை ஒரு தரப்பு நினைவூட்டியது. மளிகைக் கடைச் சீட்டில் தாத்தா காலத்திலிருந்து ‘ரூ’ என்றுதான் எழுதுகிறோம் என்றது இன்னொரு தரப்பு. அந்த எழுத்துக்குப் பக்கத்தில் அச்சாகியிருந்த எண்களைப் பற்றிக் கேட்டவர் குறைவு.

நான் பார்த்தவரை கேட்டவர் என் சித்தப்பா. கருவூலத்தில் முப்பது வருஷம் பில் பாஸ் பண்ணி ஓய்வு பெற்றவர். மதுரையில் அவர் வீட்டுக்குப் போனபோது நாளிதழின் பட்ஜெட் பக்கத்தைச் சிவப்புப் பேனாவால் ரணகளமாக்கி வைத்திருந்தார். கோயம்புத்தூரிலிருந்து அவருடைய மாப்பிள்ளை வந்திருந்தார். அங்கே சின்னதாக லேத் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்.

“9 லட்சத்து 29 ஆயிரத்து 959 கோடி கடன், மாப்ளே. அடுத்த மார்ச்ல அங்கதான் போய் நிக்கும். குடும்பத்துக்கு எவ்வளவு வரும்னு போட்டுப் பாருங்க.”

குடும்பத்துக்கு இவ்வளவு என்ற இந்தக் கணக்கு சித்தப்பாவின் கண்டுபிடிப்பு அல்ல. 2021 ஆகஸ்ட் 9 அன்று, திமுக ஆட்சிக்கு வந்து மூன்று மாதங்களில், அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் வந்தது. ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்றார். அன்று அதைக் கேட்டுக் கொதித்தவர்கள் 2025-ல் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்து அதே வாய்ப்பாட்டைச் சொன்னார்கள். முதலில் சொன்னவர்களோ, கடனை மாநில உற்பத்தி மதிப்போடு ஒப்பிட வேண்டும், அது 26.07 சதவீதம்தான், வரம்புக்குள் இருக்கிறது என்றார்கள். நாற்காலி இடம் மாறினால் கணக்குப் பாடமும் மாறிவிடும் போலிருக்கிறது.

எனக்கு அந்தத் தலைக்கணக்கில் நம்பிக்கை இல்லை. கடன் வாங்கி மெட்ரோ ரயில் போடுவதும் கடன் வாங்கிச் சம்பளம் போடுவதும் அதில் ஒன்றாகிவிடுகின்றன. பார்க்க வேண்டிய எண் வேறு: வருவாய்ப் பற்றாக்குறை. அன்றாட வரவுக்கும் அன்றாடச் செலவுக்கும் இடையிலான பள்ளம் அது. 2025-26க்கு 41,635 கோடி என்று மதிப்பிட்டார் அந்த பட்ஜெட்டைத் தாக்கல் செய்த நிதியமைச்சர் தங்கம் தென்னரசு. மொத்த நிதிப் பற்றாக்குறை 1,06,963 கோடி. அதாவது அந்த ஆண்டுக்குத் திட்டமிட்ட ஒவ்வொரு 100 ரூபாய்க் கடனிலும் ஏறக்குறைய 39 ரூபாய் பாலத்துக்கோ பள்ளிக் கட்டடத்துக்கோ போகாது. மாதச் செலவில் கரைந்துவிடும்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். 2020-21 கொரோனா ஆண்டில் இந்தப் பள்ளம் 61,320 கோடி, உற்பத்தி மதிப்பில் 3.16 சதவீதம் என்றது அதே வெள்ளை அறிக்கை. 2025-26 மதிப்பீட்டில் 1.17 சதவீதம். குறைந்திருக்கிறது. ஆனால் 2012-13-ல் தமிழ்நாடு உபரி காட்டிய மாநிலம்; அடுத்த ஆண்டு விழுந்த பள்ளம் இன்றுவரை மூடவில்லை.

“இலவசம் கொடுத்தா எப்படி மூடும்?” என்றார் சித்தப்பா. “மாசம் ஆயிரம், ஓசி பஸ்.”

உள்ளேயிருந்து சித்தி, “அந்த ஓசி பஸ்லதான் நேத்து உங்களுக்கு மாத்திரை வாங்கிட்டு வந்தேன்” என்றார். சித்தப்பாவுக்கு அது கேட்கவில்லை.

பெண்களுக்கு மாதம் ஆயிரம் தரும் மகளிர் உரிமைத் தொகைக்கு 2025-26-ல் ஒதுக்கீடு 13,807 கோடி. பள்ளத்தில் மூன்றில் ஒரு பங்கு; சின்னத் தொகை என்று சொல்லமாட்டேன். பெண்களின் இலவசப் பேருந்துப் பயணத்துக்கு 3,600 கோடி. பழைய கடனுக்குக் கட்டும் வட்டி மட்டும் 70,754 கோடி. உரிமைத் தொகையைப்போல் ஐந்து மடங்கு. சம்பளம், ஓய்வூதியம், வட்டி மூன்றும் சேர்ந்து அரசின் வருவாயில் பாதிக்கும் மேல் விழுங்கிவிடுகின்றன. ஓய்வூதியம் என்ற சொல்லை நான் உச்சரித்ததும் சித்தப்பா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

மாப்பிள்ளை வாய் திறந்தார். “மாமா, செலவைப் பத்தியே பேசறீங்க. வரவு எங்கீங்க போச்சு?”

இந்தக் கேள்விதான் விவாதங்களில் வருவதே இல்லை. வெள்ளை அறிக்கையின் சாரமே அதுதான். மாநிலத்தின் பொருளாதாரம் வளர்ந்தது, அதற்கேற்ப மாநிலத்தின் சொந்த வரி வளரவில்லை. பள்ளம் விழுந்ததற்கு முக்கியக் காரணம் அது என்றது. கட்டணங்களையும் வருடக்கணக்கில் யாரும் தொடவில்லை. அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நஷ்டம் என்று காசு சுத்தமாக எழுதியிருந்தார்கள். நோயைச் சரியாகவே கண்டுபிடித்தார்கள். நான்காம் நாள், ஆகஸ்ட் 13 அன்று, பட்ஜெட் தாக்கலானது. அதில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் வரிக் குறைப்பு; ஆண்டுக்கு 1,160 கோடி வருவாய் இழப்பு. அந்தக் குறைப்பு வந்ததும் நானும் வண்டிக்கு பெட்ரோல் போட்டுவிட்டு மகிழ்ச்சியாகத்தான் வீடு திரும்பினேன்.

பிறகு 2022-ல் சொத்து வரியை ஏற்றினார்கள். எட்டு ஆண்டுகளுக்குப் பின் மின் கட்டணத்தையும் ஏற்றினார்கள். மாப்பிள்ளைக்கு அதில் ஏகக் கோபம். லேத் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிலைக் கட்டணம் கட்டியாக வேண்டும். “வீட்டுக்காரன்கிட்ட ஏத்தப் பயம். எங்ககிட்டதான் ஓட்டு கம்மிங்களே” என்றார். 2018-ல் கூட்டிய பஸ் கட்டணத்தை 2025 வரை எவரும் மீண்டும் ஏற்றவில்லை.

ஏன் தொடமாட்டார்கள் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 2001-ல் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா அரசும் ஒரு வெள்ளை அறிக்கை விட்டது, நிதியமைச்சர் பொன்னையன். அந்த அரசு அறிக்கையோடு நிற்கவில்லை. பஸ் கட்டணம் ஏறியது. விவசாயிகளின் இலவச மின்சாரம் நின்றது. மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களின் குடும்ப அட்டையில் ‘ஹெச்’ முத்திரை விழுந்தது. ரேஷன் அரிசி கிடையாது. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அதே 2003-ல்தான் வருவாய்ப் பற்றாக்குறையைக் குறைக்கக் கெடு வைத்து, தமிழ்நாடு நிதிநிலைப் பொறுப்புடைமைச் சட்டமும் வந்தது.

2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் ஜெயலலிதாவின் அணி தோற்றது. முடிவு வந்த அதே மே மாதம் இலவச மின்சாரம் திரும்பி வந்தது. ‘ஹெச்’ முத்திரை போனது. சட்டத்தின் கெடுவைப் பிற்பாடு எத்தனையோ முறை திருத்தித் தள்ளிவைத்துவிட்டார்கள். அந்த அரசு ரேஷன் அரிசியிலும் உழவனின் மோட்டாரிலும் கைவைத்தது. பணக்கார வீட்டைத் தொடவில்லை. தோற்றது அதனாலும்தான் என்பது என் எண்ணம். ஆனால் இரண்டு கழகங்களும் படித்த பாடம் வேறு: முடிந்தவரை எதையும் ஏற்றாதே.

ஏற்றினாலும் சத்தம் வராத சரக்கு ஒன்று மட்டும் உண்டு. மதுச் சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக் கையில் எடுத்ததும் 2003 கடைசியில்தான். 2023-24-ல் அதன் மூலம் ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியுமாக வந்தது 45,855 கோடி. மொத்த வருவாய்ப் பற்றாக்குறையைவிட இது அதிகம். மதுவிலக்கு பேசும் எந்தக் கட்சியும் இந்தத் தொகைக்கு மாற்று வரி எது என்று சொல்லி நான் கேட்டதில்லை. பற்றாக்குறை பற்றிப் பேசும் எவரும் இந்தத் தொகையைக் குடித்தே கொடுத்தவர்களில் தினக்கூலிகளும் உண்டு என்று சொல்லியும் கேட்டதில்லை.

டெல்லிக் கணக்கு வேறு. 2011 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகையில் ஏறக்குறைய 6 சதவீதம் இருந்த மாநிலத்துக்கு, மத்திய வரிப்பகிர்வில் 15-வது நிதிக்குழு வகுத்த பங்கு 4.079 சதவீதமாக இருந்தது. பங்கில் சேராத செஸ், சர்சார்ஜ் என்று மத்திய அரசு தனியாக வேறு வைத்துக்கொள்கிறது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு 2024 அக்டோபரில் ஒப்புதல் வரும்வரை மாநிலமே கையைக் கடித்துக்கொண்டு கட்டியது. இந்த முறையீடு உண்மையானது. ஆனால் பஸ் டிக்கெட் விலையை டெல்லி நிர்ணயிக்கவில்லை.

“சரி, நாளைக்கே ஒரு கட்சி பஸ் கட்டணம், வீட்டு கரண்ட், வீட்டு வரி எல்லாம் ஏத்துவோம்னு சொன்னா ஓட்டு போடுவீங்களா மாமா?” என்றார் மாப்பிள்ளை.

சித்தப்பா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பதில் சொல்ல வாயெடுக்கும்போது வாசலில் குரல் கேட்டது. ஈபியிலிருந்து ரீடிங் எடுக்க வந்திருந்தார்கள். கீழ் மீட்டரைப் பார்த்து அட்டையில் குறித்துவிட்டு, “மேல சாவி குடுங்க சார்” என்றார் வந்தவர்.

மாடியில் யாரும் குடியிருக்கவில்லை. ஒரு படுக்கையறை, ஒரு ஏசி, தனி இணைப்பு, தனி மீட்டர். அப்போது ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் முதல் 100 யூனிட் இலவசம்.

சித்தப்பா ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் நாளிதழைப் பார்த்தேன்.