இலவச வைத்தியமும் கணக்கில் வராத காயங்களும்

இலங்கையில் அரச வைத்தியசாலை ஒன்றுக்குப் போகிறவரிடம் யாரும் காப்புறுதி அட்டை கேட்பதில்லை. வேலை இருக்கிறதா, சம்பளம் எவ்வளவு என்றும் கேட்பதில்லை. வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து, வரிசையில் இருந்து, டொக்டரைக் கண்டு, மருந்தையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். வேலை போனதோடு காப்புறுதியும் போய், கடனுக்குப் பயந்து வைத்தியரிடமே போகாமல் இருக்கும் மனிதர்கள் அமெரிக்கா போன்ற பணக்கார நாட்டில்கூட இருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் எங்களிடம் இருப்பது சின்ன விடயம் அல்ல. 2009 இல் பாடசாலைக் கட்டடங்களிலும் தறப்பாள்களின் கீழும் காயக்காரரைப் பார்த்த வன்னி வைத்தியர்களும் தாதியரும் இந்த அரச சேவையின் ஊழியர்கள்தான். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால், வேலையும் இல்லாமல், காப்புறுதியும் இல்லாமல், போரின் காயத்தை உடம்பில் வைத்திருக்கும் ஒருவருக்கு அந்த இலவசம் எதுவரை வருகிறது என்பது வேறு கேள்வி. என் பள்ளி நண்பன் ஒருவனோடு கடந்த ஒரு வருடத்துக்கும் மேலாக வைத்தியசாலைகளுக்குப் போய் வருகிறேன். அவனுடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் வைத்தியசாலைகளையும் தவிர்த்திருக்கிறேன்.

அவனுக்கு 2009 இல் பதினேழு வயது. மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் இடத்தில் செல் விழுந்து, முதுகிலும் இடுப்பிலும் காயப்பட்டான். பெரிய துண்டுகளை எடுத்தார்கள். சின்னப் பீஸ்கள் உள்ளேயே இருக்கட்டும், தேடப்போனால் கூடுதல் சேதம் என்று தையல் போட்டு விட்டார்கள். அன்றைய நிலையில் அது சரியான முடிவு. அதன்பிறகு முகாம், மீள்குடியேற்றம், மேசன்மாருக்குக் கைவேலை. 15 வருடங்கள் சீமெந்துப் பை தூக்கினான். இப்போது இடது கால் மரத்துப் போகிறது. அரை மணித்தியாலம் நின்றால் இருக்க இடம் தேடுகிறான். குனியேலாதவனை எந்த மேசனும் கூப்பிடுவதில்லை. வீட்டுக்கு வரும் ஒரே நிலையான பணம் அஸ்வெசும.

முதலில் ஊர் வைத்தியசாலைக்குப் போனான். வலிக் குளிசை கொடுத்தார்கள். மூன்றாவது தடவை போனபோது பெரிய வைத்தியசாலைக்குக் கடிதம் கொடுத்தார்கள். அங்கே கிளினிக் ஒரு குறிப்பிட்ட கிழமையில் மாத்திரம்தான். விடியற்காலை நாலரை பஸ்ஸைப் பிடித்து, இடையில் ஒரு பஸ் மாறிப் போனால்தான் நம்பர் கிடைக்கும். போய்வரவும் சாப்பாட்டுக்கும் இரண்டாயிரம் ரூபாவுக்குக் குறையாது. குருதிப் பரிசோதனைகளில் இரண்டை, அந்த நாட்களில் அங்கே செய்ய முடியாமல் இருந்ததால், வெளியே தனியார் ஆய்வுகூடத்தில் செய்யச் சொன்னார்கள். நரம்பு நோவுக்கு எழுதிய குளிசை வைத்தியசாலை மருந்தகத்தில் ஒரு மாதம் இருக்கும், அடுத்த மாதம் இருக்காது. இல்லாத மாதத்தில் வெளியே வாங்க வேண்டும். அல்லது குளிசையைப் பாதியாக உடைத்துப் போட வேண்டும். அவன் உடைத்துத்தான் போட்டான். இதை டொக்டரிடம் சொல்லவில்லை.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மருந்துத் தட்டுப்பாடும் வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போனதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. தரமற்ற இமியூனோகுளோபியூலின் கொள்வனவு விவகாரத்தில் சுகாதார அமைச்சராக இருந்தவரே 2024 பெப்ரவரியில் கைதானார். இந்த நெருக்கடி முழு நாட்டுக்கும் பொதுவானது. ஆனால் கையில் பணம் உள்ளவர் வைத்தியசாலையில் மருந்து இல்லையென்றால் எதிரே உள்ள பார்மசிக்குப் போகிறார். கிளினிக் திகதி தூரமென்றால் அதே நிபுணரைப் பின்னேரம் சனல் பண்ணுகிறார். பணமில்லாதவருக்கு அந்த இரண்டாவது கதவு இல்லை.

அந்தக் கதவைத் திறக்கும் ஏற்பாடுகள் சிலருக்கு உண்டு. அரச உத்தியோகத்தருக்கு "அக்ரஹார" காப்புறுதி இருக்கிறது. வங்கிகளும் பெரிய கம்பனிகளும் தங்கள் ஊழியரைக் காப்புறுதி செய்கின்றன. போரில் காயப்பட்ட படையினருக்கு இராணுவ வைத்தியசாலை இருக்கிறது. அவர்களின் நலன்களைப் பார்க்க 1999 இல் சட்டமியற்றி அமைத்த ரணவிரு சேவா அதிகாரசபை இருக்கிறது. அவை இருப்பது பிழை என்று நான் சொல்லவரவில்லை. காயப்பட்டவருக்கு, காயப்படுத்திய சம்பவத்தை வைத்தே ஒரு கடமைப்பாடு உண்டு என்பதை இந்த அரசு ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். அதே போரில், அதே நாட்களில் காயப்பட்ட பொதுமகனுக்கு அந்தக் கடமைப்பாடு நீளவில்லை.

நண்பனுக்கு முள்ளந்தண்டை எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சொன்னார்கள். அரச வைத்தியசாலையில் இலவசம், ஆனால் திகதி ஏழு மாதம் தள்ளிக் கிடைத்தது. வெளியே கேட்டோம், நாற்பதாயிரத்தை அண்டிய தொகை சொன்னார்கள். "வேண்டாம் மச்சான், ஏழு மாதம் ஓடிப் போயிடும்" என்றான். ஏழு மாதமும் ஓடிப்போனது.

அன்றைக்கு நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. இயந்திரம் பெரிய காந்தம். உள்ளே படுப்பவரின் உடம்பில் இரும்புத் துண்டு இருந்தால் அது அசையலாம், சூடாகலாம். கண்ணிலோ நரம்புக்குப் பக்கத்திலோ இருந்தால் ஆபத்து. அதனால் உள்ளே விடமுன்னர் கேட்பார்கள்: உடம்பில் உலோகம் ஏதும் இருக்கிறதா? கேட்டவர் தெற்கிலிருந்து வந்து கடமையாற்றும் ஓர் இளைஞர். தெரிந்த அளவு தமிழில், மரியாதையாகத்தான் கேட்டார். என் நண்பன் "இல்லை" என்றான்.

அருகில் நின்ற நான், "இவனுக்கு செல் பட்டது, உள்ளே துண்டு இருக்கிறது" என்று சொன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னமும் கண்ணுக்குள் நிற்கிறது.

பிறகு தேநீர்க் கடையில் இருந்து கதைத்தோம். அவன் ஆபத்தை அறியாமல் சொல்லவில்லை. சிங்களத் தொனியில் ஒருவர் "உடம்பில என்ன இருக்கு" என்று கேட்டதும், அவனுடைய வாய் தானாகவே "இல்லை" என்றது. செட்டிகுள முகாமிலும் அதற்குப் பிந்திய சோதனைச் சாவடிகளிலும் காயத் தழும்பு என்பது விசாரணைக்கான காரணம். எங்கே பட்டது, எப்போது பட்டது, ஆருடன் நின்றாய்? இந்தக் கேள்விகளைக் கடந்து வந்த ஒரு தலைமுறை, சட்டையைக் கழற்றாமல் இருக்கப் பழகிக்கொண்டது. கிளினிக்கில் முதல்நாள் டொக்டர் கேட்டபோதும் அவன் "பாரம் தூக்கினதில வந்த நோ" என்றுதான் சொல்லியிருக்கிறான். அந்த ஆரம்ப நாட்களில் அவன் தனியாகவே போனான். அவனுடைய கிளினிக் கொப்பியில் 2009 என்ற வருடமே இல்லை.

இருந்திருக்க வேண்டிய ஆவணமும் இல்லை. 2009 பெப்ரவரி முதல் மே வரை சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் ஏற்பாட்டில் ஆயிரக்கணக்கான காயக்காரரும் நோயாளரும் கடல்வழியாக வெளியேற்றப்பட்டார்கள். பலர் திருகோணமலைக்கும், புல்மோட்டையில் இந்திய வைத்தியக் குழு நடத்திய கள வைத்தியசாலைக்கும் கொண்டுசெல்லப்பட்டார்கள். அப்படிப் போனவர்களில் சிலரிடம் ஒரு துண்டுக் கடதாசியாவது மிஞ்சியது. தரைவழியாக நந்திக்கடலைக் கடந்து வந்த என் நண்பனைப் போன்றவர்களிடம் உடம்பைத் தவிர வேறு சான்று இல்லை.

அன்றைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். முள்ளந்தண்டுக்கு மிக அருகில் ஒன்றும், இடுப்பில் மூன்றும் வெள்ளையாகத் தெரிந்தன. அடுத்த வாரமே சி.ரி. ஸ்கானுக்கு ஏற்பாடு செய்தார்கள். அதற்குக் காந்தம் இல்லை, காசும் இல்லை. உலோகத்தைச் சுற்றிப் படம் கொஞ்சம் கலங்கும், அவ்வளவுதான். அதாவது, "உள்ளே பீஸ் இருக்கா" என்ற ஒற்றைக் கேள்வியை, பதில் சொல்லக்கூடிய விதத்தில், முதல் கிளினிக்கிலேயே ஒருவர் கேட்டிருந்தால் ஏழு மாதம் மிச்சம். அந்த ஏழு மாதத்தில்தான் அவன் பாதங்களில் ஒன்றை இழுத்து நடக்கத் தொடங்கினான்.

இங்கே வட மத்திய மாகாணத்துச் சிறுநீரக நோயாளரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. காரணம் திட்டவட்டமாகத் தெரியாத அந்த நோய் முதலில் கிராமத்து மக்களின் முறைப்பாடாகத்தான் இருந்தது. பிறகு எண்ணினார்கள், குருதியைச் சோதித்தார்கள், தனிக் கிளினிக்குகள் வந்தன. சீன உதவியோடு கட்டிய பெரிய சிறுநீரக வைத்தியசாலை 2021 இல் பொலன்னறுவையில் திறக்கப்பட்டது. நோயாளருக்கு மாதாந்தக் கொடுப்பனவும் வந்தது. வவுனியாவில் உள்ள எங்கள் சனமும் அந்த நோயால் பாதிக்கப்பட்டவர்கள்தான், அந்த ஏற்பாடுகளால் பயன்பெற்றவர்களும் இருக்கிறார்கள். எண்ணப்பட்ட பிறகுதான் அது ஒரு வகை ஆனது. வகை ஆன பிறகுதான் அதற்கென்று ஒரு படிவம், ஓர் உத்தியோகத்தர், ஒரு நிதி ஒதுக்கீடு.

செல் துண்டு சுமப்பவர் அப்படி ஒரு வகை இல்லை. அஸ்வெசுமவில் சிறுநீரக நோயாளருக்குத் தனி இடம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கும் இருக்கிறது. கையும் காலும் இருக்கிற, ஆனால் வேலை செய்யேலாத மனிதன் எந்தப் பெட்டிக்குள் அடையாளம் போடுவது? பிரதேச செயலகத்தில் எங்களிடம் பேசியவர் அனுதாபமாகத்தான் பேசினார். "தம்பியைப் பார்த்தா வருத்தக்காரர் மாதிரித் தெரியேல்லையே" என்றார்.

2018 இன் 34 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இழப்பீடுகளுக்கான அலுவலகம் இந்த இடத்துக்குப் பொருத்தமானது என்று நான் நினைக்கிறேன். அதற்கு முன்னிருந்த "றெப்பியா" செய்ததைப் போல ஒரு தடவை ஒரு காசோலையைக் கொடுத்துக் கோவையை மூடுவது போதாது. உடம்பில் இருக்கும் இரும்பு வருடத்துக்கு வருடம் புதுப் பிரச்சினை தருகிறது. பதினேழு வயதில் தாங்கிய உடம்பு நாற்பதில் தாங்காது. காயப்பட்ட பிள்ளைகள் இப்போதுதான் அந்த வயதை நெருங்குகிறார்கள். வடக்கு, கிழக்குக் கிளினிக்குகளில் பழைய போர்க்காயம் பற்றிய ஒரு கேள்வி, அதற்குக் கொப்பியில் ஓர் இடம், தூரத்திலிருந்து வருபவருக்குப் பஸ் காசு. இவற்றுக்குப் புதுக் கட்டடம் எதுவும் தேவையில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை. பதிவு என்ற சொல்லுக்கே எங்கள் சனம் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. எத்தனை தடவை, எத்தனை சீருடைகள் வந்து பெயர் எழுதிக்கொண்டு போயிருக்கின்றன! இந்தப் பதிவு வைத்தியருக்கும் நோயாளருக்கும் இடையிலான இரகசியமாக, சுகாதாரத் திணைக்களத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். "எப்படிப் பட்டது" என்று கேட்கத் தேவையில்லை, "எங்கே இருக்கிறது" என்பது போதும். அந்த உத்தரவாதத்தைக் கொடுக்காமல் எண்ணப்போனால் என் நண்பனைப் போல எல்லோரும் "இல்லை" என்றுதான் சொல்லுவார்கள்.

அதுவரைக்கும், இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சில விடயங்களைச் சொல்லிவிடலாம். உடம்பில் துண்டு இருப்பது தெரிந்தால், சந்தேகம் என்றாலும்கூட, ஸ்கானுக்கு முன்னர் கட்டாயம் சொல்லுங்கள். எப்படி வந்தது என்று விளக்கத் தேவையில்லை. பழைய எக்ஸ்ரே படங்களை எறியாதீர்கள். வெளியே செய்யச் சொல்லும் பரிசோதனைக்கு வசதியில்லை என்றால் அதை டொக்டரிடமே சொல்லுங்கள். மாற்று வழி பல நேரங்களில் இருக்கிறது, கேட்காதவருக்கு அது சொல்லப்படுவதில்லை. பெரிய சத்திரசிகிச்சை என்றால் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2025 முதல் அதற்காகக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை, பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். முடிந்தால் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் நண்பனுக்குச் செய்தது பெரும்பாலும் பக்கத்தில் நின்றதும், துண்டுகளை வாசித்ததும், தொலைபேசியில் கேட்டதும்தான்.

அவனுடைய விடயம் இப்போது நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரின் முடிவுக்காகக் காத்திருக்கிறது. எடுப்பதா, விடுவதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். கிளினிக் கொப்பியின் முன்மட்டையில், உடம்பில் உலோகம் இருக்கிறது என்று டொக்டர் சிவப்புப் பேனையால் எழுதிக் கொடுத்திருக்கிறார். போன கிளினிக்குக்கு அம்மாவும் வந்திருந்தார். மிஸ்ஸி கொப்பியைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த எழுத்தைக் காட்டி என்னவென்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் தோளுக்க ஒண்டு கிடக்குது தம்பி. என்ர பிறசர் கொப்பியிலயும் இப்பிடி எழுதித் தருவினமோ?" என்றார்.