சுவருக்குள் மறைந்திருக்கும் முடிச்சு

வீட்டு மின்சார அமைப்பில் நடுக்கம்பி தானாகப் பழுதாவது அரிது. ஒரு கம்பியும் மற்றொரு கம்பியும் சேருமிடத்தில்தான் பெரும்பாலும் தொல்லை பிறக்கிறது. சுவிட்சுப் பலகையின் பின்னும், மின்விசிறியின் மேல்கப்புக்குள்ளும், சுவரோர ஜங்ஷன் பெட்டியிலும் இருக்கும் அந்த முடிச்சுகளை இல்லத்தாரில் எத்தனை பேர் கண்டிருப்பர்? பலகையை மூடித் திருகை முடுக்கியதும் அவற்றை நாம் மறந்துவிடுகிறோம். அம்முடிச்சுகளைப் பற்றியே இம்மாதம் நம் குடும்பங்களோடு உரையாட விழைகிறோம்.

அடையாற்றின் காந்தி நகர், சாஸ்திரி நகர், இந்திரா நகர்ப் பகுதிகளில் பல்லாண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட வீடுகள் இன்னும் உள்ளன. 1970-களில் ஓர் அறைக்கு ஒரு மின்விசிறி, ஒரு குழல் விளக்கு, ஒரு வானொலிப் பெட்டி இருந்தால் போதும் என்றிருந்தோம். இன்றோ கீசர், ஏ.சி., இண்டக்ஷன் அடுப்பு, துணி துவைக்கும் இயந்திரம் யாவும் வந்துவிட்டன. சுமை பன்மடங்காகியும், சுவருக்குள் இருக்கும் முடிச்சு பல வீடுகளில் பழைய முடிச்சாகவே இருக்கிறது.

இதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். வழியில் ஒரு முடிச்சு தளர்ந்து, அங்கு 0.1 ஓம் தடை மட்டுமே தோன்றியதாகக் கொள்வோம். அவ்விடத்தில் ஏழரை வாட் வெப்பம் உண்டாகும். மூடிய பெட்டிக்குள், கடுகளவு இடத்தில், நாள்தோறும் இவ்வெப்பம் எழுந்தால் செம்பு கறுக்கும்; கறுத்தால் தடை கூடும்; தடை கூடினால் வெப்பமும் கூடும். முடிவில் உறை உருகித் தீப்பிடிக்கவும் கூடும். எம்.சி.பி. இதைத் தடுக்கும் என்று நம்பியிருத்தல் தவறு. ஓடும் மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சினால்தான் அது விழும். இங்கோ மின்னோட்டம் மிஞ்சவில்லை. கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும், கசிவு ஏற்படும்வரை இதை அறியாது.

கம்பிகளை இணைக்கும் முறைகள் நான்கினை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாவது, முறுக்கி டேப் சுற்றுதல். செலவு மிகக் குறைவு. ஆனால் இதன் நன்மை முழுவதும் முறுக்கிய கையைப் பொறுத்தது. நாள்பட்ட வெப்பத்தில் டேப்பின் பசை இளகி நழுவும்.

இரண்டாவது, திருகு வைத்த பிளாஸ்டிக் அல்லது பீங்கான் கனெக்டர். இது முறுக்குவதைவிட மேலானது. எனினும் பல இழைக் கம்பியின் மீது திருகு நேரே இறங்கும்போது சில இழைகள் நசுங்கி அறுபடும். சூடேறுவதும் ஆறுவதுமாக இருக்கையில் பிடிப்பும் தளரக்கூடும்.

மூன்றாவது, செருகினால் பற்றிக்கொள்ளும் சிறு கனெக்டர். விரைவான வேலைக்கு ஏற்றது. ஆயினும் இவ்வகை பெரும்பாலும் விறைப்பான ஒற்றைக் கம்பிக்கென அமைந்தது. நம் வீடுகளில் இன்று மிகுதியாகப் புழங்கும் மென்மையான பல இழைக் கம்பி இதற்குள் நேரே செல்லாது.

நான்காவது, லீவர் கனெக்டர். ஜெர்மனியின் மின்டன் நகரில் 1951-இல் தொடங்கப்பட்ட வாகோ நிறுவனத்தின் பெயராலேயே பலர் இதை அழைக்கின்றனர். சிறு பிடியை உயர்த்தி, கம்பியை நுழைத்து, பிடியைத் தாழ்த்தினால் உள்ளிருக்கும் எஃகு வில் கம்பியைச் செம்புத் தகட்டோடு அழுத்திப் பிடிக்கும். அவ்வழுத்தத்தை வில் தருகிறதேயன்றி, பணியாளரின் கைவலிமை அன்று. ஒற்றைக் கம்பி, பல இழைக் கம்பி இரண்டையும் ஏற்கும். தேவையானபோது திறந்து மீண்டும் பயன்படுத்தலாம். அந்நிறுவனத்தின் 221 வரிசையில் இரண்டு, மூன்று, ஐந்து வாயில்கள் கொண்டவை உண்டு. அவற்றுள் 4 சதுர மில்லிமீட்டர் வரையிலான கம்பிக்கென அமைந்தவற்றின் வரம்பு 32 ஆம்பியர், 450 வோல்ட். உடல் ஒளி ஊடுருவுவதாகையால், கம்பி முழுதும் உட்சென்றதா என்பதை இல்லத்தரசியும் பார்த்தறியலாம். முந்திய 222 வரிசையின் சாம்பல்நிற உடலில் இவ்வசதி இல்லை.

விலை கூடுதல்தான். ஆயினும் கண்ணுக்கெட்டாத இடத்தில் பல்லாண்டு இருக்கவேண்டிய முடிச்சுக்கு நான்காவது முறையே தக்கது என்பது நம் கருத்து. அதே உருவில் மலிவான போலிகளும் விற்கப்படுகின்றன. தயாரிப்பாளர் பெயர், ஆம்பியர், வோல்ட், கம்பி அளவு ஆகியவை உடலில் பொறிக்கப்படாததை வாங்கவேண்டா.

பயன்படுத்தும் முறையும் முக்கியம். 221 வரிசையின் 4 சதுர மில்லிமீட்டர் வகைக்கு உறையை 11 மில்லிமீட்டர் நீக்கவேண்டும். குறைந்தால் பிடிப்பு போதாது. மிகுந்தால் செம்பு வெளியே தெரியும். ஒரு வாயிலில் ஒரே கம்பிதான். பிடியை மூடியபின் ஒவ்வொரு கம்பியையும் மெல்ல இழுத்துப் பார்க்கவேண்டும். பிறகு, திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள் வைக்கவேண்டும். பூச்சுக்குள் புதைத்தல் ஆகாது. கீசருக்கும் ஏ.சி.க்கும் இயன்றவரை முடிச்சே இல்லாத தனிக் கம்பி இழுப்பதே சிறந்தது. பழைய வீட்டில் அலுமினியக் கம்பி இருந்தால் அதைச் செம்போடு முறுக்கிச் சேர்க்கவேண்டா. நம் கடற்காற்றின் ஈரத்தில் அவ்விணைப்பு விரைவில் அரிக்கும்.

லீவர் கனெக்டர் நீர் புகாதது அன்று. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் தரைத்தளங்களுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. நீரில் மூழ்கிய பலகையையும் இணைப்புகளையும் சோதிக்காமல் மின்சாரம் கொடுத்தல் கூடாது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வாசலில் தொங்கவிடும் நட்சத்திர விளக்கின் இணைப்பும் மழைபடாத பெட்டிக்குள் இருக்கட்டும். மேலும், மெல்லிய கம்பியையோ, நிலத்தொடர்பு இல்லாத குறையையோ எந்தக் கனெக்டரும் சரிசெய்யாது.

சுவிட்சைத் தொட்டால் சூடு, பலகையோரம் பழுப்புக் கறை, கருகல் வாடை, விளக்கின் சிமிட்டல், சிறு சடசடப்பு: இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். சிறுவரை அருகில் விடாதீர்கள். அவர் வேலையை முடித்துப் பலகையை மூடுமுன், “எதைக் கொண்டு இணைத்தீர்கள்? ஒருமுறை காட்டுங்கள்” என்று பணிவோடு கேளுங்கள். நல்ல பணியாளர் இதைக் குறையாகக் கொள்ளமாட்டார், மகிழ்ந்தே காட்டுவார்.