இரவல் பெயரில் மகிழுந்து வேண்டாம்



சென்ற ஆண்டு, பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு முந்திய வாரம், என் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை என்னைப் பார்க்க வந்தார். தொழிற்சாலையில் வேலை செய்பவர். தம் மகனை நாள்தோறும் 14 கிலோமீட்டர் மோட்டார் சைக்கிளில் அழைத்து வருபவர். மழைக்காலத்தில் அந்தப் பையன் நனைந்த காலுறையோடு வகுப்பில் அமர்ந்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மகனின் தேர்ச்சியைப் பற்றிப் பேச வந்திருக்கிறார் என்று எண்ணிப் புள்ளிப் பதிவேட்டை எடுத்து வைத்தேன். அவர் பேச வந்ததோ வேறு.

"டீச்சர், பேங்க்ல எனக்கு லோன் கிடைக்காதுன்னு சொல்லிட்டாங்க. நீங்க அரசாங்க வேலையில இருக்கீங்க. உங்க பேர்ல ஒரு பழைய காடி எடுத்துக் கொடுத்தா மாசா மாசம் நான் கட்டிடுவேன். இல்லன்னா பையன வீட்டுப் பக்கத்துல இருக்கிற ஸ்கூலுக்கு மாத்துறதத் தவிர வேற வழி தெரியல."

"முடியாதுங்க" என்று சொன்னேன். ஒரு மாணவனைத் தமிழ்ப்பள்ளியிலிருந்து நானே வெளியே அனுப்புகிறேனோ என்ற அச்சத்தோடுதான் அந்தச் சொல்லைச் சொன்னேன். அவர் முகம் வாடியது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆயினும் இன்றும் அதே பதிலைத்தான் சொல்வேன். ஏன் என்பதை விளக்கவே இதனை எழுதுகிறேன்.

பெயர் கொடுத்த கதை

நானும் ஒரு காலத்தில் பெயர் கொடுத்தவள்தான். 2013ஆம் ஆண்டு என் சித்தப்பா மகன் வீட்டுக்கு வந்தான். "அக்கா, உங்க பேர்ல எடுத்துக் கொடுங்க, ஒரு மாசம்கூட தவற மாட்டேன்" என்றான். அவனுக்குக் கடன் பதிவு சரியில்லை. எனக்கோ மாதச் சம்பளம், அரசாங்க வேலை. நம் குடும்பங்களில் ஓர் ஆசிரியர் இருந்தால் அவர் பெயர் எல்லாருக்கும் பொதுச் சொத்து அல்லவா? மறுத்தால் 'படித்துவிட்ட திமிர்' என்பார்கள். கையெழுத்துப் போட்டேன்.

மகிழுந்தின் விலை 48,000 ரிங்கிட். முன்பணம் போக 43,200 ரிங்கிட் கடன். ஒன்பது ஆண்டுகள், 3.5 விழுக்காடு நிலை வட்டி. மாதம் 526 ரிங்கிட். கடிதங்கள் வருவதற்குத் தம்பியின் வீட்டு முகவரியையே எழுதிக் கொடுத்தோம். நான் செய்த பெரிய பிழை அது.

பதினாறு மாதங்கள் கட்டினான். பிறகு அவன் வேலை போனது. என்னிடம் சொல்ல வெட்கப்பட்டு மறைத்துவிட்டான். வாடகைக் கொள்முதல் சட்டம் 1967இன்படி, தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறினால் கடன் கொடுத்தவர் 21 நாள் அறிவிப்பு கொடுத்து வாகனத்தை மீட்டுக்கொள்ளலாம். அந்த அறிவிப்பு முறைப்படி வந்தது. ஆனால் அவன் வீட்டுக்கு வந்தது. எனக்குத் தெரிந்தபோது வாகனம் ஏலத்திற்குப் போயிருந்தது. ஏலத் தொகை கடனுக்குப் போதவில்லை. ஏறக்குறைய 15,000 ரிங்கிட் என் பெயரில் நின்றது.

'நானா ஓட்டினேன்? நான் ஏன் கட்ட வேண்டும்?' என்று வீம்பாக இருந்தேன். சட்டத்தின் பார்வையில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. ஒப்பந்தத்தில் இருப்பது என் பெயர்.

2017இல் என் சொந்த மகிழுந்து பழுதாகி நின்றது. புதிதாக ஒன்று வாங்க மூன்று வங்கிகளில் விண்ணப்பித்தேன். மூன்றும் மறுத்தன. கணவர் பெயரில் வீட்டுக் கடனும் அவருடைய வாகனக் கடனும் ஏற்கெனவே இருந்தன. ஆண்டுக்கணக்கில் மாணவர்களுக்குப் புள்ளி போட்ட நான், என் புள்ளியைக் கேட்டுத் தலைகுனிந்து வங்கிப் படிகளில் இறங்கினேன். அந்தத் தந்தையின் முகவாட்டம் எனக்குப் புரியாமல் இல்லை.

கடன் புள்ளி என்பது என்ன?

பலர் இதைக் 'கருப்புப் பட்டியல்' என்கிறார்கள். அப்படி ஒரு பட்டியலைப் பேங்க் நெகாரா வைத்திருக்கவில்லை. 2001இல் தொடங்கிய சி.சி.ஆர்.ஐ.எஸ். என்னும் பதிவு முறையை அது நடத்தி வருகிறது. வங்கிகளில் நமக்குள்ள கடன்களும், கடந்த 12 மாதங்களில் எந்த மாதம் கட்டினோம், எந்த மாதம் தவறினோம் என்பதும், புதிய கடன் விண்ணப்பங்களும் அதில் இருக்கும். 'இவருக்குக் கொடு', 'இவருக்குக் கொடுக்காதே' என்று அது சொல்வதில்லை. முடிவெடுப்பது வங்கி. இதனை நம் பள்ளி வருகைப் பதிவேட்டுக்கு ஒப்பிடலாம். பையன் ஏன் வரவில்லை என்று பதிவேடு கேட்பதில்லை. வரவில்லை என்று மட்டும் குறிக்கும்.

சி.டி.ஓ.எஸ். என்னும் தனியார் நிறுவனம் இவற்றோடு நீதிமன்ற வழக்கு விவரங்கள் முதலியவற்றையும் திரட்டி, 300 முதல் 850 வரை ஒரு புள்ளி வழங்குகிறது. வங்கிகள் அதையும் பார்க்கின்றன.

இதில் ஓர் ஆறுதல் உண்டு. 12 மாதப் பதிவு என்றால், ஓராண்டு ஒழுங்காகக் கட்டியவரின் பக்கம் மெல்ல மெல்லத் தூய்மையாகிறது என்று பொருள். முதல் சோதனையில் 28 புள்ளி வாங்கிய மாணவனை 'மக்கு' என்று முத்திரை குத்தக்கூடாது என்று நாம் பெற்றோரிடம் சொல்கிறோமே, அதே நியாயம் இங்கும் பொருந்தும். குறைந்த புள்ளி பழைய நடத்தையின் கணக்குதான். மனிதனின் தரத்தை அது சொல்வதில்லை. ஆனால் அந்த மாணவனுக்குப் பக்கத்துப் பையனின் விடைத்தாளில் பெயர் மாற்றிக் கொடுப்பதை எந்த ஆசிரியரும் ஏற்கமாட்டார்!

இரவல் பெயர் செய்யும் கேடு

பெயர் கொடுப்பவருக்கு வரும் இழப்பைச் சொன்னேன். பெயர் வாங்குபவருக்கும் இழப்பு உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒன்பது ஆண்டுகள் ஒரு நாள் தவறாமல் அவர் கட்டினாலும், அந்த நற்பெயர் முழுவதும் என் பதிவில்தான் சேரும். அவருடைய புள்ளி ஓர் அணுவும் உயராது. உழைப்பு அவருடையது, பதிவு என்னுடையது. அடுத்த மகிழுந்துக்கும் அவர் இன்னொருவரின் வாசலில்தான் நிற்க வேண்டும். சாலைக் குற்றச் சம்மன் வந்தாலும் பதிவு உரிமையாளரின் பெயருக்கே வரும். ஏதேனும் தகராறு நேர்ந்தால், தாம் பணம் கட்டிய வாகனத்தைத் தமது என்று சொல்ல அவரிடம் ஒரு தாளும் இராது.

'சம்போங் பாயார்' என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். வேறொருவர் கடனில் ஓடும் மகிழுந்தை வாங்கி மீதித் தவணையைக் கட்டுவது. கடன் கொடுத்தவரின் ஒப்புதல் இல்லாமல் இப்படிக் கைமாற்றினால் வழக்கு வரை போகும். வாகனத்தை மீட்க ஆள் வந்தால், கட்டிய பணமும் போய், நடுவழியில் பிள்ளைகளோடு நிற்க வேண்டியதுதான்.

பிணைக் கையெழுத்து இதனின் வேறு. அங்கே கடனாளி யார், பிணையாளர் யார் என்பது வங்கிக்கும் சட்டத்திற்கும் தெரியும். சொந்தப் பயன்பாட்டு வாகனத்திற்கு இலாப நோக்கமின்றிப் பிணை நின்றவரைத் திவாலாக்க முடியாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் சொல்கிறது. ஆனால் கடனைக் கட்டும் பொறுப்பு நீங்காது. அதனால் பிணை நிற்பவர், 'இந்தத் தொகையை நானே கட்ட நேர்ந்தால் என்னால் முடியுமா?' என்று கேட்டுக்கொண்டு கையெழுத்திட வேண்டும்.

அப்படியானால் என்னதான் செய்வது?

அறிவுரை சொல்வது எளிது. மழையில் நனைபவருக்குத்தான் துன்பம் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தன. தமிழ்ப்பள்ளிகள் பலவும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. பேருந்து வசதி இல்லாத இடங்களில் மகிழுந்து ஆடம்பரப் பொருளன்று. ஆகவே 'வாங்காதீர்கள்' என்று நான் சொல்லவில்லை. என் அனுபவத்தில் கண்ட வழியைச் சொல்கிறேன்.

முதலாவது, உங்கள் பதிவை நீங்களே பாருங்கள். சி.சி.ஆர்.ஐ.எஸ். அறிக்கையைப் பேங்க் நெகாராவிடமிருந்து இலவசமாகப் பெறலாம். நோய் என்னவென்று தெரியாமல் மருந்து தேடக்கூடாது. அடைத்து முடித்த கடன் இன்னும் நிலுவையாகக் காட்டினால், வங்கியிடம் எழுத்து மூலம் திருத்தம் கேளுங்கள்.

இரண்டாவது, நிலுவையைத் தீருங்கள். தனியாக முடியாவிட்டால் பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. அலுவலகத்திற்குச் செல்லுங்கள். ஆலோசனை இலவசம். அதன் கடன் நிர்வாகத் திட்டத்தில் இருக்கும்வரை புதிய கடன் கிடைப்பது அரிது என்பதையும் அறிந்துகொண்டு செல்லுங்கள்.

மூன்றாவது, ஒரே மாதத்தில் ஐந்தாறு வங்கிகளில் விண்ணப்பிக்காதீர்கள். அத்தனையும் பதிவில் தெரியும். 'இவர் ஏன் இப்படி அலைகிறார்?' என்ற ஐயம் எழும்.

நான்காவது, முன்பணத்தைக் கூட்டுங்கள், மகிழுந்தைச் சுருக்குங்கள். சட்டப்படிக் குறைந்தது 10 விழுக்காடு முன்பணம் வேண்டும். 'முன்பணமே வேண்டாம், புள்ளி குறைந்தாலும் பரவாயில்லை' என்று ஒரு முகவர் சொன்னால், அந்தப் பணம் வேறெங்கோ விலையில் ஒளிந்திருக்கிறது என்று கொள்ளுங்கள்.

ஐந்தாவது, கணக்குப் போடுங்கள். 30,000 ரிங்கிட் கடனை ஏழு ஆண்டுகளுக்கு 3.5 விழுக்காடு நிலை வட்டியில் வாங்கினால் வட்டி 7,350 ரிங்கிட். அதையே புள்ளி குறைந்தவர் என்பதற்காக 6 விழுக்காட்டில் கொடுத்தால் வட்டி 12,600 ரிங்கிட். வேறுபாடு 5,250 ரிங்கிட். ஓராண்டு பொறுத்துப் பதிவைச் சரிசெய்தால் மிஞ்சக்கூடிய பணம் அது. நம் ஆறாம் ஆண்டு மாணவன் போடக்கூடிய கணக்கு இது. கடன் பத்திரத்தின் முன் அமரும்போது பெரியவர்கள் நாம்தான் போட மறந்துவிடுகிறோம்.

நானும் இப்படித்தான் மீண்டேன். மாதம் 750 ரிங்கிட் வீதம் 20 மாதங்களில் அந்த 15,000 ரிங்கிட்டை அடைத்தேன். கடன் தீர்ந்ததற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்தினேன். 2020 தொடக்கத்தில், மூன்றில் ஒரு பங்கு முன்பணம் கட்டி, பழைய சிறிய மகிழுந்து ஒன்றை ஐந்தாண்டுக் கடனில் வாங்கினேன். அக்கடனும் முடிந்துவிட்டது.

மீளாதது ஒன்று உண்டு. 2018இல் என் தந்தை காலமானபோது அந்தத் தம்பி வந்தான். வாசலில் நின்றான், என்னிடம் ஒரு சொல்லும் பேசாமல் போய்விட்டான். பணத்தைக்கூட நான் மறந்துவிட்டேன். அன்று நான் 'முடியாது' என்று சொல்லியிருந்தால் சில மாதம் கோபித்துக்கொண்டிருப்பான், பிறகு பேசியிருப்பான். 'சரி' என்று சொன்னதால் அல்லவா அவனை இழந்தேன்!

அந்தத் தந்தைக்கு என்ன ஆயிற்று?

பெயர் கொடுக்க மறுத்த மறுநாள் அவரை மீண்டும் அழைத்தேன். அறிக்கையை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மிகைநேர வேலை நின்றபோது தேங்கிய கடன் அட்டை நிலுவைதான் காரணம். ஆறாயிரத்துச் சொச்சம் ரிங்கிட். ஏதோ தீராத கருப்புப் பட்டியல் என்று இத்தனை ஆண்டுகள் பயந்துகொண்டிருந்தவர், ஆலோசனை பெற்று, வங்கியோடு பேசி, இப்போது மாதந்தோறும் கட்டிவருகிறார். ஏழு மாதங்கள் ஆகிவிட்டன. முடிய இன்னும் ஓராண்டுக்கு மேலாகும்.

அதுவரை பையன்? அவர் குடியிருக்கும் தாமானைச் சுற்றி நம் பள்ளிப் பிள்ளைகள் வேறு யார் இருக்கிறார்கள் என்று மாணவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு தாயார் தம் இரு பிள்ளைகளோடு அதே சாலைச் சந்திப்பைக் கடந்துதான் வருகிறார். பேசினேன், ஒப்புக்கொண்டார். பெட்ரோல் செலவில் இவர் ஒரு பங்கு தருகிறார். அந்தத் தாயாருக்கு வேலை இருக்கும் நாள்களில் மட்டும் மீண்டும் மோட்டார் சைக்கிள், மீண்டும் மழைச்சட்டை. பையன் நம் பள்ளியில்தான் இருக்கிறான்.

ஆசிரிய நண்பர்களே, உங்களிடமும் இப்படி யாரேனும் வந்து கேட்பார்கள். பெயரைக் கொடுக்காதீர்கள். ஒரு மணி நேரத்தைக் கொடுங்கள். உடன் அமர்ந்து அறிக்கையைப் படித்துச் சொல்லுங்கள். அவர் பிள்ளைக்கு வழித்துணை தேடித் தாருங்கள். பெற்றோர்களே, ஆசிரியர் மறுத்தால் அன்பில்லை என்று எண்ணாதீர்கள். உங்கள் மகிழுந்து உங்கள் பெயரிலேயே வரட்டும். சற்றுத் தாமதமானாலும் பரவாயில்லை.