புத்துப்பட்டுக் காட்டுக்குக் காவல் கேட்போம், வாருங்கள்!

மரக்காணம்–புதுச்சேரி நான்குவழிச் சாலைக்கு 2025 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்துவிட்டது. 46 கிலோமீட்டர். சாலை வரட்டும், மறிக்கப் போவதில்லை. ஆனால் சாலைக்குப் பின்னாலேயே மனை போடுகிறவர்களும் வருவார்கள். அதற்குள் கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் காட்டுக்குச் சட்டக் காவல் வாங்கியாக வேண்டும்.

சோழமண்டலக் கரை நெடுக இருந்த உலர் பசுமைமாறாக் காடு இன்று துண்டு துண்டாக, பெரும்பாலும் கோயில்களை ஒட்டியே மிஞ்சியிருக்கிறது. உப்பளத்துக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவே புத்துப்பட்டு ஒரு தீவு. வீரை, பாலை, காட்டு எலுமிச்சை, காயா எல்லாம் அங்கே உண்டு. பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்று வாய் நிறையப் பாடுகிறோம். அந்த நீலப் பூ கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாகப் பூத்திருப்பதைக் கண்டவர் நம்மில் எத்தனை பேர்? நம் இரும்பை ஊர் காடிழந்து பொட்டலானதற்குக் கடுவெளிச் சித்தர் சாபம் என்பார்கள். பாவம் சித்தர். விறகுக்கு வெட்டியவர்கள் மனிதர்கள்தான்.

தீவில் மட்டுமே உள்ள உயிர் போனால் வேறெங்கும் கன்று கிடைக்காது. இலங்கைக்கே உரிய குருடியா சைலானிக்கா மரம் அற்றுப்போனதாக 2012 செம்பட்டியலில் எழுதிவிட்டார்கள். 2019-ல் கம்பஹாவில் ஒரு மரம் கண்ணில் பட்டது. 2021-ல் விரைவுச் சாலைக்காக அதை வெட்டப் போகிறார்கள் என்றதும் ஊராரும் பிக்குகளும் திரண்டார்கள், வெட்டு நின்றது.

இங்கும் நடந்திருக்கிறது. 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமான அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட ஏலம் விட்டார்கள். மேலூர் மக்கள் தெருவில் இறங்கினார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ஐந்து ஹெக்டேர்கூட வராத திண்டுக்கல் காசம்பட்டிக் கோயில் காட்டுக்கும் 2025-ல் அதே தகுதி கிடைத்தது. புத்துப்பட்டுக்கு மட்டும் ஏன் கூடாது?

2002 பல்லுயிர்ச் சட்டப்படி அரசு உள்ளாட்சியைக் கலந்தே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலத்தை அறிவிக்க வேண்டும். ஆகவே முதல் கையெழுத்து ஊர்க்காரர்களுடையது. கீழ்ப்புத்துப்பட்டுத் தோழர்களே, அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். இரும்பைத் தோழர்களே, அன்றே நம் சபையிலும் ஆதரவுத் தீர்மானம் போடுவோம். ஊராட்சியின் பல்லுயிர்ப் பதிவேட்டை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்போம். தீர்மான நகலில் தலைவர் கையொப்பம் வாங்காமல் யாரும் எழுந்து வராதீர்கள்.