உரிமை முடிந்தது, பிரதி எங்கே?

செல்லப்பா கதை சொல்கிறான். அப்பா விஸ்வநாதன் கேட்கிறார். எடுக்கப்படாத ஒரு திகில் படத்தின் கதை அது. காற்று, கதவு, காலடி எல்லாச் சத்தமும் செல்லப்பாவின் வாயிலிருந்தே வருகின்றன. நாகேஷ் பயமுறுத்துவதில் பாதி, டி.எஸ். பாலையா பயப்படுவதில் பாதி என்று சிரிப்பு பங்கு பிரிகிறது. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' 1964ல் வந்தது. அந்தப் படத்தின் கேசட் வைத்திருந்த வீடுகளில் நாடா அதிகம் தேய்ந்த இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கேரள எல்லையில் உள்ள வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை பக்கத்துத் தமிழர்களுக்கு இது கொஞ்சம் உள்ளூர்ப் படமும்கூட. விஸ்வநாதனிடம் வேலை கேட்டு அசோக் பாட்டுப் பாடி மறியல் செய்வது படமானது பொள்ளாச்சியை அடுத்த ஆழியாறு அணை விருந்தினர் மாளிகையில். வண்ணத்தில் ஒளிப்பதிவு செய்த ஏ. வின்சென்ட் கேரளக்காரர். செல்லப்பா பேய்த்தனமாகக் கதை விட்ட அதே 1964ல்தான் வின்சென்ட் வைக்கம் முகம்மது பஷீரின் கதையை வைத்து 'பார்கவி நிலையம்' என்ற அசல் பேய்ப் படத்தை மலையாளத்தில் இயக்கினார். செக்போஸ்டைத் தாண்டி இரண்டு மொழியிலும் படம் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பொருத்தம் கூடுதல் வேடிக்கை.

பணக்கார வீட்டுப் பெண், வேலை போன இளைஞன், கோடீஸ்வர அப்பாவாக வேஷம் கட்டும் நண்பன், மூச்சு விடாத பேச்சு, கடைசியில் கல்யாணம். அமெரிக்கர்கள் 1930களில் இந்த ரகத்துக்கு 'ஸ்க்ரூபால் காமெடி' என்று பெயர் வைத்தார்கள். பேஸ்பாலில் எதிர்பாராத பக்கம் திரும்பும் பந்துவீச்சுக்கு வழங்கிய பெயர் அது. பொருளாதார மந்தத்தில் கை காய்ந்திருந்த ரசிகனுக்குப் பணக்காரர்கள் அசடு வழிவதைப் பார்ப்பதில் ஒரு திருப்தி. ஃபிராங்க் காப்ராவின் 'இட் ஹாப்பண்ட் ஒன் நைட்' (1934) ஐந்து ஆஸ்கார் வாங்கியது. அதையே ஏவி.எம். 1956ல் 'சோரி சோரி' என்று இந்தியில் எடுத்தது.

தமிழில் அந்தப் பெயர் புழங்கவில்லை, சரக்கு இருந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திலிருந்து வந்த 'சபாபதி' (1941) - எஜமானும் வேலைக்காரனும் ஒரே பெயர், ஒரே அளவு அசடு. வங்காளக் கதையிலிருந்து வந்த 'அடுத்த வீட்டுப் பெண்' (1960). அதே கதைதான் பிறகு இந்தியில் 'படோசன்' (1968) ஆனது. இந்தப் படங்களைத் தேடிச் சேர்க்கும் ஆசை, டெக் வந்த பிறகு வந்தது.

1980களில் டி.வி.யும் டெக்கும் ஓர் இரவுக்கு வாடகைக்கு வரும். கூடவே மூன்று கேசட். விடிவதற்குள் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். சொந்தமாக டெக் வாங்கியவர்கள்தான் சேகரிப்பாளர்களானார்கள். ஈ-180 கேசட்டில் மூன்று மணி நேரம் பிடிக்கும். தூர்தர்ஷன் படத்தைப் பதிவு செய்தபின் மிஞ்சிய நாடாவில் தங்கவேலு காமெடி ஒன்றைத் திணித்துவிடலாம். அப்புறம் வி.சி.டி. வந்தது. ஒரு தகட்டில் ஏறக்குறைய 80 நிமிடம்தான் அடங்கும் என்பதால், நல்ல நகைச்சுவைக் காட்சியின் நடுவில் எழுந்து போய்த் தகடு மாற்ற வேண்டியிருந்தது. 2007ல் மோசர் பேயர் பழைய படங்களின் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கு விற்றது. மாலை டிபன் செலவுக்கு ஒரு படம். சேகரிப்பு என்பது அலமாரி இடப் பிரச்னையாக மட்டும் மாறியது.

மலிவுக்கு விலை இருந்தது. இந்த ரகப் படங்களில் சிரிப்பு பேசுகிறவரிடம் மட்டும் இல்லை. கேட்கிறவர் முகத்திலும் இருக்கிறது. நகல் எடுத்து எடுத்துக் கலங்கிய பிரதியில் பாலையாவின் கண் தெரியாது. ஒலி மங்கினால் வேகமான வசனம் முணுமுணுப்பாகிவிடும். அழுகைப் படம் இந்தச் சேதத்தைத் தாங்கும், காமெடி தாங்காது. அகலத் திரை டி.வி. வந்தபின் புதுக் கொடுமை: பழைய சதுரப் படத்தை இழுத்து எல்லோரையும் குண்டாக்குகிறார்கள், அல்லது மேலும் கீழும் வெட்டித் தலையை எடுத்துவிடுகிறார்கள். தேய்ந்த கேசட்டில் மங்கலாக இருந்தாலும் தலை இருந்தது.

இப்போது சட்டம் ஒரு திருப்பம் கொடுத்திருக்கிறது. இந்தியாவில் திரைப்படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அந்தக் கணக்கில் 'அடுத்த வீட்டுப் பெண்' 2020 முடிவிலும், 'காதலிக்க நேரமில்லை' 2024 முடிவிலும் பொதுச் சொத்தாகிவிட்டன. (கதை, பாட்டு, இசைக்கு உரிமைக் கணக்கு வேறு, எழுதியவர், இசையமைத்தவர் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் ஓடும்.) சேகரிப்பாளர்கள் கொண்டாட வேண்டிய செய்திபோலத் தோன்றும்.

அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்தால் கொண்டாட்டம் குறையும். அங்கே அந்தக் காலச் சட்டப்படி 28 ஆண்டுகளில் உரிமையைப் புதுப்பிக்க வேண்டும். 'மை மேன் காட்ஃப்ரே' (1936), 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940) இரண்டுக்கும் யாரும் புதுப்பிக்கவில்லை. வீடியோ வந்ததும் கையில் கிடைத்த பிரதியை வைத்து ஆளுக்கொரு கேசட் போட்டார்கள். மூல நெகடிவைத் தேடிச் செலவழிக்க யாருக்கும் அவசியமில்லை. பக்கத்துக் கடைக்காரன் பாதி விலைக்கு விற்பானே. கிரைடீரியன் நிறுவனம் முதல் படத்தை 2001லும் இரண்டாவதை 2017லும் நல்ல பிரதியாகக் கொண்டுவரும்வரை பலர் பார்த்தது நகலின் நகலைத்தான்.

தமிழில் நெகடிவ் கதை இன்னும் மோசம். முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) ஒரு பிரதிகூட இல்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964ல்தான். திருவனந்தபுரத்துக்காரரான பி.கே. நாயர் ஊர் ஊராக அலைந்து சேர்த்த பெட்டிகளால்தான் அங்கே பலதும் மிஞ்சின. 2003ல் புனேயில் நடந்த தீ விபத்தில் பழைய நைட்ரேட் சுருள்கள் ஏராளமாக எரிந்தன. புதுப்பிக்கும் பணம் வரும்போதும் வரிசை தெரிந்ததுதான்: 2012ல் 'கர்ணன்', 2014ல் 'ஆயிரத்தில் ஒருவன்'. வாளெடுத்தவர்கள் முன்னே போனார்கள்.

அதனால்தான் பழைய கேசட்டை அவசரப்பட்டுத் தூக்கிப் போடக் கூடாது. யாராவது ஒரு படத்தை மீட்க உட்காரும்போது, தியேட்டர் பிரதியில் அறுந்துபோன ஒரு நிமிடம் தூர்தர்ஷனிலிருந்து பிடித்த நாடாவில் இருக்கலாம். உடனடிச் சிக்கல் வேறு. டெக் தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016ல் நிறுத்திவிட்டது. பாலக்காட்டுப் பக்க மழைக்காலத்தில் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த கேசட்டை அப்படியே ஓட்டினால் டெக்கின் ஹெட்டும் போய்விடும், நாடாவும் அறுந்துவிடும். முதலில் சுத்தம் செய்து, ஒருமுறை முழுக்கச் சுற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கேசட் முதுகில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய படப் பெயர் அழிந்திருந்தால், ஓட்டிப் பார்க்கும்வரை உள்ளே சபாபதியா செல்லப்பாவா என்று தெரியாது.