பக்கவாதம்: ஊட்டிவிடும் பாசம் உதவுமா?

‘கை, கால் விழுந்துடுச்சு.’ பக்கவாதத்தை நம்ம ஊர்ல இப்படித்தான் சொல்வோம். விழுந்தது விழுந்ததுதான், இனி எழாது என்று அந்தச் சொல்லே பாதி நம்பிக்கையைப் பறித்துவிடுகிறது.

திருத்தங்கலில் அந்தச் சொல்லுக்குக் கனம் இன்னும் அதிகம். பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என இந்தப் பக்கம் சோறு போடுவதே விரல்கள்தான். செய்த வேலைக்கு ஏற்பக் கூலி. அப்பா படுத்துவிட்டால் அவர் வருமானம் மட்டுமா நிற்கிறது? பார்த்துக்கொள்ள அம்மாவோ மகளோ வீட்டில் இருக்க வேண்டும். அந்தக் கூலியும் போச்சு. அதனால் அவசர அவசரமாக ஊட்டிவிட்டு, சட்டை மாட்டிவிட்டு வேலைக்கு ஓடுகிற வீடுகள் உண்டு. பாசமும் அவசரமும் கலந்த இந்த உதவிதான் சிக்கலே.

மூளையில் ரத்த ஓட்டம் நின்று செத்துப்போன பகுதி மறுபடி முளைக்காது. ஆனால், அக்கம்பக்கத்துப் பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும். அதற்கு அந்தக் கை வேலை செய்தாக வேண்டும். பயன்படுத்தாமலே விட்டால், கொஞ்சம் அசையக்கூடிய கையையும் மூளை கணக்கில் இருந்து எடுத்துவிடும். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாகும், நின்றுவிடாது.

எத்தனை முறை செய்வது? அமெரிக்காவில் 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், பிசியோதெரபி நேரத்தில் நோயாளிகள் கையால் ஒரு வேலையைச் செய்து பழகியது சராசரியாக 32 முறைதான். தீப்பெட்டியை குரோஸ் கணக்கில், அதாவது 144, 144 ஆக எண்ணும் ஊருக்கு 32 எல்லாம் ஒரு எண்ணா? காலி தீப்பெட்டியை எடுத்து அடுக்குவது, காகிதம் மடிப்பது, டம்ளரை நகர்த்துவது என்று வீட்டில் இருப்பதே போதும். (மருந்து, திரி பக்கம் மட்டும் போகவே வேண்டாம்.) எது, எத்தனை முறை என்பதை பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும். விரல்கள் இறுகி மடங்கிக் கிடப்பவருக்குப் பந்தைப் பிசைவதைவிட விரலை விரிக்கும் பயிற்சிதான் தேவைப்படலாம்.

சட்டை போடும்போது முதலில் பலவீனமான கையை நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும். இது தெரிந்தாலே பலர் தாங்களே உடுத்திக்கொள்வார்கள். தூக்கி உட்காரவைக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் மூட்டு நழுவும். தண்ணீர் குடித்தால் இருமுகிறாரா? முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், அப்புறம் சாப்பாட்டுப் பயிற்சி. புறா ரத்தம் தடவுவது இன்னமும் நடக்கிறது. அதில் போவது புறாவின் உயிரும் பொன்னான நாட்களும்தான்.

அப்போ வீட்டாரே எல்லாம் பார்த்துக்கொண்டால் போதுமா? இதையும் நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். ஒரு பிரிவில் குடும்பத்தினருக்குப் பயிற்சி தந்து, வீட்டில் அவர்களையே செய்யச் சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்து, இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருப்பவர்களும் சேர்த்து இரு பிரிவிலும் 47 சதவிகிதம். 2017-ல் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவு இது. குடும்பம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. முழுப் பாரத்தையும் குடும்பத்தின் தலையில் வைத்தால் வேலைக்கு ஆகாது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். பயிற்சியைப் பார்த்து மாற்றிக்கொடுக்க, தெரிந்த ஒருவர் வந்துபோக வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்றதும் பிரஷர், சுகர் மாத்திரைதான் நினைவுக்கு வரும். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் அதே திட்டத்தில் இருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலரிடமோ டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டிக் கேளுங்கள். பிசியோதெரபிஸ்ட் வரும் அன்று வீட்டில் ஒருவர் கூடவே உட்கார்ந்து, செய்துகாட்டுவதை செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை அப்பாவுக்கு அதையே போட்டுக் காட்டலாம்.